மூன்றாவது கம்பியில் இருக்கிறது முடிவு



மின்கிட்டாரைப் பற்றிப் பேச ஊவாவில் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்த முன்னோடி என்று இலங்கை முழுவதும் கொண்டாடும் கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் பிறந்தது இந்தப் பதுளை மாவட்டத்து ஹப்புத்தளையில். 1966இல் அன்னெஸ்லி மாலேவனவோடு சேர்ந்து அவர் தொடங்கிய மூன்ஸ்டோன்ஸ் குழு வானொலி வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் தமிழிலும் பொப்பிசை எழுந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், திருகோணமலையின் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். கோயில் திருவிழா மேடையிலும் கலியாண வீட்டிலும் தேவாலயத்திலும் இன்றைக்கு மலையகப் பிள்ளைகள் தோளில் மாட்டுகிற சொலிட் பொடி கிட்டார் அந்த வழியில் வந்ததுதான்.

கிட்டாரை வாங்கும்போது நிறத்தையும் பெயரையும் பார்த்து நாட்கணக்கில் யோசிப்பவர்கள், கம்பி வாங்கும்போது கடைக்காரர் நீட்டும் முதல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தப் பொட்டலத்தில் இருப்பது அநேகமாக ரவுண்ட்வவுண்ட். ஃபிளாட்வவுண்ட் என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டவர்களும் "அது ஜாஸ் வாசிக்கிற வயசாளிகளின் கம்பி" என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். சொலிட் பொடி கிட்டாருக்கு ஃபிளாட்வவுண்ட் பொருந்துமா, பொருந்தினால் எதைப் பார்த்து எடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆறு கம்பிகளில் மூன்றாவதைப் பார்த்தால் போதும். ஜி கம்பி என்கிறோமே, அது.

முதலில் கம்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கிட்டாரின் மெல்லிய கம்பிகள் வெறும் உருக்குக் கம்பிகள். தடித்தவை அப்படியல்ல. நடுவே ஓர் உருக்கு நரம்பு, அதைச் சுற்றி இன்னொரு கம்பி. சுற்றுகிற கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். விரலை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும். சுற்றுவது தட்டையான உலோகப் பட்டையாக இருந்தால் ஃபிளாட்வவுண்ட். அடிபட்ட விரலுக்குக் கட்டுத்துணி சுற்றுவதுபோல் ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் சுற்றியிருப்பார்கள், மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும்.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. விரல் ஓடும்போது எழும் "கிறீச்" சத்தம் அநேகமாக மறைந்துவிடுகிறது. பட்டை அடர்த்தியாகப் படிந்திருப்பதால் மேல்சுரங்களின் மினுமினுப்பு அடங்கி, அடிச்சுரம் முன்னால் வருகிறது. ஒரே தடிமனில் பட்டை சுற்றிய கம்பியில் இடைவெளி குறைவு, உலோகம் கூடுதல். ஆகவே அதே சுருதிக்கு ஏற்ற இழுவிசையும் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

சங்கீதம் தெரிந்த குடும்பங்களுக்கு இது புதிய சரக்கே அல்ல. வயலினை எடுத்துப் பாருங்கள். அதன் சுற்றுக் கம்பிகள் தட்டைப் பட்டை சுற்றியவை. பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து இருநூறு ஆண்டுகளாக வயலின் கர்நாடக இசையில் குடியிருக்கிறது. அந்த வாத்தியத்தில் ஜாரு, அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது, இவ்வளவு குழைவாக வருவதற்கு ஃப்ரெட் இல்லாதது ஒரு காரணம். விரல் தடையின்றி வழுக்குகிற மேற்பரப்பு இன்னொரு காரணம்.

இனி வரலாறு. ஃபெண்டர் நிறுவனம் தன் சொலிட் பொடி கிட்டாரை 1950இல் சந்தைக்கு விட்டது; பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர்பெற்றது அதுதான். கிப்சனின் லெஸ் போல் 1952இல் வந்தது, ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல். அந்தக் காலத்தில் மின்கிட்டாருக்குக் கிடைத்த செட்கள் தடித்தவை. மூன்றாவது கம்பியும் சுற்றப்பட்டதாகவே இருக்கும். ஃபிளாட்வவுண்ட் அப்போது சர்வசாதாரணம். ஆகவே சொலிட் பொடியில் ஃபிளாட்வவுண்ட் போடுவது விபரீதப் பரிசோதனை ஒன்றுமில்லை. அந்தக் கிட்டார்களின் இளமைக்காலமே அதுதான்.

அதற்கு இரண்டு சாட்சிகள் கிட்டாரிலேயே இருக்கின்றன.

ஒன்று, பழைய பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்அப். அதில் ஆறு காந்தத் துண்டுகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஜி கம்பிக்குக் கீழே இருப்பது தூக்கலாக நிற்கும். சுற்றிய மூன்றாம் கம்பியில் நடு நரம்பு மெல்லியது, காந்தத்துக்கு அது குறைவாகவே பதில் சொல்லும். அதை ஈடுகட்டத்தான் அந்த உயரம். அதே கிட்டாரில் இப்போதைய வழக்கப்படி வெறும் ஜி கம்பியைப் போட்டால் அது மட்டும் மற்றவற்றைவிட உரத்துக் கத்தும். "என் கிட்டாரில் ஜி மட்டும் முந்திக்கொண்டு வருகிறது" என்று குறைப்படுபவர்கள் பிக்அப்பைத் திட்டுவதற்கு முன் மூன்றாவது கம்பியைப் பார்க்கலாம்.

மற்றது டெலிகாஸ்டரின் மூன்று சேடில் பிரிட்ஜ். ஒவ்வொரு சேடிலும் இரண்டு கம்பிகளைத் தாங்குகிறது. நடுவில் இருப்பது ஜியையும் டியையும். வெறும் ஜி கம்பிக்குச் சேடில் நன்றாகப் பின்னால் போக வேண்டும், சுற்றிய டி கம்பிக்கு முன்னால் வர வேண்டும். ஒரே சேடிலில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாமல் சுருதி பிசகுகிறது. இரண்டுமே சுற்றிய கம்பிகளாக இருந்தால் சண்டை பெருமளவு தீர்ந்துவிடும்.

அப்படியானால் சுற்றிய மூன்றாம் கம்பி ஏன் காணாமல் போனது? இழுப்பதற்காக. ரொக் அன்ட் ரோல் பிள்ளைகள் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி சுரத்தை ஏற்றிப் பார்த்தார்கள். தடித்த செட்டில் விரல் நொந்தது. ஜேம்ஸ் பேர்ட்டன் என்ற இளைஞர் பாஞ்சோக் கம்பிகளை வாங்கித் தன் டெலிகாஸ்டரின் மேல் கம்பிகளாக மாட்டினார். கலிபோர்னியாவில் கிட்டார் கடை வைத்திருந்த எர்னி போல், பழகுகிற பிள்ளைகள் மூன்றாவது கம்பியோடு படும் பாட்டைப் பார்த்துவிட்டு, மெல்லிய கம்பிகளைக் கொண்ட ஸ்லிங்கி செட்டை 1962இல் விற்பனைக்கு விட்டார். மூன்றாவது கம்பி வெறும் கம்பியானது. பிறகு வந்த ரொக் இசையின் கண்ணீரும் கதறலும் பெரும்பாலும் அந்த ஒரு மாற்றத்தின் மேல் நிற்கின்றன.

இதில் விரல் பலம் மட்டும் விஷயமில்லை, பௌதிகமும் இருக்கிறது. கம்பியைப் பக்கவாட்டில் தள்ளும்போது அது சற்று நீள்கிறது. நீட்சியை எதிர்ப்பது நடுவிலுள்ள உருக்கு. வெறும் கம்பி முழுக்க உருக்கு என்பதால் கொஞ்சம் தள்ளினாலே இழுவிசை வேகமாக ஏறி, சுரமும் ஏறிவிடும். சுற்றிய கம்பியில் நடு நரம்பு மட்டுமே அந்த வேலையைச் செய்கிறது. மேலே சுற்றிய பட்டை எடை கூட்டுகிறதே தவிர இழுவைக்கு உதவாது. எனவே ஒரு முழுச் சுரம் ஏற வேண்டுமென்றால் சுற்றிய ஜியை வெகுதூரம் தள்ள வேண்டும்.

இங்கேதான் கேள்வி நமக்கு நெருங்கி வருகிறது. உங்கள் வலக்கையை மறந்துவிடுங்கள். இடக்கை என்ன செய்கிறது? சுரத்திலிருந்து சுரத்துக்குக் கம்பியோடு ஓடுகிறதா, ஒரே இடத்தில் நின்று கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கிறதா?

தமிழ் இசைக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. ஜாருவுக்கு ஓட்டம், வீணையில் செய்வதுபோன்ற கமகத்துக்கு இழுப்பு. மேற்கத்திய கம்பி வாத்தியத்தைக் கர்நாடக இசைக்கு வளைத்தவர்கள் கருவியையே மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். 1969இல் பாலகொல்லுவில் பிறந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், மாண்டலினின் இரட்டை இரட்டையான எட்டுக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். இரட்டைக் கம்பியை ஒரே சீராக இழுத்துக் கமகம் கொடுப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பதை வாசித்துப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். சக்தி குழுவில் எல். சங்கரோடும் ஜாகிர் உசேனோடும் வாசித்த ஜோன் மெக்லாக்லின், ஃப்ரெட்களுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கிய கிட்டாரை வாசித்தார். விரல் மரத்தில் உரசாமல் கம்பியை இழுக்கலாம் என்பதே நோக்கம். சுகுமார் பிரசாத்தும் அவருக்குப் பின் ராணிப்பேட்டையிலிருந்து வந்த பிரசன்னாவும் மின்கிட்டாரில் முழுக் கச்சேரி செய்து காட்டினார்கள். தோடி, பைரவி போன்ற ராகங்களில் காந்தாரத்தை அசைத்து அசைத்து இழுத்து வாசிக்கப் போகிறவர்களுக்கு ஃபிளாட்வவுண்ட் செட் சுமைதான். அவர்கள் மெல்லிய ரவுண்ட்வவுண்டில், வெறும் மூன்றாம் கம்பியோடு இருப்பதே நல்லது.

ஆனால் மேடையில் நம் பிள்ளைகள் அதிகம் செய்வது அதுவா? பாடகருக்குப் பின்னால் கோட்ஸ் பிடிப்பது, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே ஒரு மெட்டை ஒற்றைக் கம்பியில் ஓட்டுவது, பைலாத் தாளத்துக்கு வெட்டி வெட்டி அடிப்பது, தேவாலயத்தில் கீர்த்தனைக்கு மெல்லத் துணைபோவது. இவையெல்லாம் ஓட்டமும் அழுத்தமும் சார்ந்த வேலைகள். கீபோர்டும் ட்ரம்ஸும் மைக்கும் சேர்ந்து இரையும் மேடையில், உயர்சுரங்களில் ஏற்கெனவே நெரிசல். அந்த நெரிசலுக்குள் இன்னொரு மினுக்கலைச் செருகுவதைவிட, நடுச்சுரங்களில் உருண்டு வரும் ஃபிளாட்வவுண்டின் குரல் பாடுகிறவர்களுக்கு இடம் விட்டு நிற்கும். இரவு முழுக்க வாசித்தாலும் விரல் நுனி அவ்வளவாக எரியாது என்பது கூடுதல் லாபம்.

பேஸ் கிட்டார்க்காரர்களுக்கு இந்த வாதமே தேவையில்லை. டெட்ரோயிட்டின் மோடவுன் பாடல்களில் அறுபதுகள் முழுவதும் ஒலித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் ஃபிளாட்வவுண்ட்தான். லா பெல்லா நிறுவனத்தின் தடித்த கம்பிகளை மாட்டி, அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பளீரென்ற ரவுண்ட்வவுண்ட் பேஸ் ஒலி, த ஹூ குழுவின் ஜோன் என்ட்விசிலோடு சேர்ந்து இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம் 1966இல் உருவாக்கிய கம்பிகளிலிருந்து பரவியது. நம் திருவிழாவில் தப்பும் உறுமியும் முழங்கும்போது அவற்றோடு போட்டிபோடாமல் அடியில் கிடந்து தாங்குவது ஜேமர்சன் வழிதான்.

வாங்குவது என்று முடிவுசெய்தால் எதைப் பார்ப்பது? முதலில் கேஜ். கம்பியின் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். "பத்து செட்" என்றால் முதல் கம்பி 0.010 அங்குலம். ஃபெண்டரின் 25.5 அங்குல நீளத்தில் முதல் கம்பியை ஈ சுருதிக்கு ஏற்ற, 0.009 கம்பிக்குச் சுமார் 6 கிலோ இழுவிசை போதும். 0.010க்கு 7.3, 0.011க்கு 8.9, 0.012க்கு 10.6. ஒரு படி ஏறுவது பார்வைக்கு ஒன்றுமில்லை, விரலுக்குப் பெரிய வித்தியாசம். கிப்சனின் நீளம் 24.75 அங்குலம்; அங்கே அதே கம்பி சற்று இளகியிருக்கும். ஒன்பது செட்டில் பழகிய கை நேரே பன்னிரண்டு ஃபிளாட்டுக்குப் போனால் இரண்டாம் நாளே கழற்றிவிடும். பிறகு பழி ஃபிளாட்வவுண்ட் மேல் விழும். ஒன்பதிலிருந்து வருபவர்கள் பத்துக்கும், பத்திலிருந்து வருபவர்கள் பதினொன்றுக்கும் போகட்டும்.

அடுத்து, செய்யும் விதம். டடாரியோவின் குரோம்ஸ் வரிசையில் பத்து செட் 0.010 முதல் 0.048 வரை, பதினொன்று செட் 0.011 முதல் 0.050 வரை. அதில் துருவேறா உருக்குப் பட்டை சுற்றியிருக்கிறது; ஃபிளாட்வவுண்ட்களில் இது கொஞ்சம் பிரகாசமான, விறைப்பான ரகம். 1919இல் தொடங்கிய வியன்னாவின் தொமாஸ்டிக் இன்ஃபெல்ட், வயலின்காரர்களுக்கு டொமினன்ட் செட்டால் பழக்கமான பெயர். அவர்களின் ஜாஸ் ஸ்விங் வரிசை நிக்கல் பட்டை சுற்றியது. இளகலாக, வெதுவெதுப்பான குரலில் பேசும், விலையும் கூட. ஜெர்மனியின் பிரமிட் கோல்ட், தூய நிக்கல் பட்டையோடு அந்தப் பக்கம் சாய்ந்தது. முதல் தடவை வாங்குபவர்கள் குரோம்ஸ் பத்தில் அல்லது பதினொன்றில் தொடங்கலாம். கை பழகிய பிறகு விலை கூடியதை யோசிக்கலாம். பொட்டலத்தின் பின்பக்கத்தில் ஆறு எண்களும் அச்சிட்டிருக்கும். மூன்றாவது எண் சுற்றிய கம்பிதானா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ரவுண்ட்வவுண்டாகச் சுற்றி, மேற்பரப்பை மட்டும் தேய்த்து மழுப்பிய அரைவட்டக் கம்பிகளும் கிடைக்கின்றன. ஹாஃப் ரவுண்ட்ஸ் என்பார்கள். டடாரியோவின் 0.010–0.046 ஹாஃப் ரவுண்ட்ஸில் மூன்றாம் கம்பி வெறும் கம்பி. இழுப்பையும் விட மனமில்லை, விரல் சத்தமும் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு அது நடுவழி.

மாட்டும்போது அவசரம் கூடாது. சுற்றுக் கம்பியை முதலில் வெட்டாதீர்கள். சுருதிக் கட்டையைத் தாண்டி மிச்சமாகப் போகும் இடத்தில் கம்பியைச் செங்கோணமாக மடக்கிவிட்டு, மடக்குக்கு வெளியே வெட்டுங்கள். நேராக வெட்டினால் நடு நரம்பிலிருந்து பட்டை நழுவிப் பிரிந்து, விலைகொடுத்த கம்பி செத்த குரலில் ஒலிக்கும். நடு நரம்பே வட்டமாக உள்ள கம்பிகளில் இந்த ஆபத்து அதிகம்.

மூன்றாம் கம்பி தடித்ததாக வருவதால் நட்டின் வெட்டுக்குள் உட்காராமல் சிக்கிக்கொள்ளலாம். வெட்டை அளவாக அகலப்படுத்த வேண்டும், ஆழமாக்கக் கூடாது. சேடிலை முன்னே நகர்த்தி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கும் அங்கே அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாகும் வரை சரிபார்க்க வேண்டும். கூடிய இழுவிசை கழுத்தை முன்பக்கம் வளைக்கும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாமல், திருப்பிவிட்டு ஒருநாள் விட்டுப் பாருங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ட்ரெமலோ மேலே தூக்கிக்கொண்டால் பின்பக்க ஸ்பிரிங் ஒன்றைக் கூட்ட வேண்டியிருக்கும்.

கழுத்துக்கு ஊவாவில் இன்னொரு எதிரியும் உண்டு. வடகீழ்ப் பருவமழையில் சுவரே வியர்க்கும். ஆடி, ஆவணியில் தேயிலைக்கு மணம் சேர்க்கும் அந்த வறட்டுக் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சும். ஒரே கிட்டாரின் கழுத்து அந்த இரண்டு பருவங்களிலும் ஒரே வளைவில் நிற்பதில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டுவதைவிடப் பைக்குள் வைப்பது நல்லது. ஈரத்துக்கு ரவுண்ட்வவுண்டின் வரிகளுக்குள் வியர்வையும் அழுக்கும் தங்கி, சில வாரங்களில் கம்பி மந்தமாகிவிடும். ஃபிளாட்வவுண்டில் அழுக்குத் தங்க இடமில்லை. வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துவந்தால் நெடுங்காலம் உழைக்கும். முதல் விலை கூடினாலும், கொழும்புக்குச் சொல்லியனுப்பிக் கம்பி எடுப்பிக்கும் ஊருக்கு அந்தக் கணக்கு ஒத்துவரும். வெறும் கம்பிகளான முதல் இரண்டும் மட்டும் வழக்கம்போல் துருவேறும். அவற்றைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

புதிதாக மாட்டிய அன்றே தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் சில நாட்கள் ஃபிளாட்வவுண்ட் செட்டிலும் ஓர் உலோகச் சத்தம் இருக்கும், பிறகு படியும். பழைய அம்ப் அமைப்பிலேயே வாசித்துவிட்டு "போர்வை போட்டதுபோல் இருக்கிறது" என்று கழற்றிவிடாமல், ட்ரெபிளைச் சற்று ஏற்றி, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்அப்பில் வாசித்துக் கேளுங்கள். ரவுண்ட்வவுண்டில் காதைக் குத்திய அதே பிக்அப் இப்போது பாடக் கேட்கலாம். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: கடும் டிஸ்டோர்ஷன் வைத்து மெட்டல் வாசிப்பவர்களுக்கு இந்தக் கம்பியில் பல் இருக்காது.

இத்தகைய பேச்சுகளின் முடிவில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று: வீட்டிலிருக்கும் அக்கூஸ்டிக் கிட்டார் கம்பியை மின்கிட்டாரில் போட்டால் என்ன? அக்கூஸ்டிக் செட்டின் மேல் சுற்று வெண்கலம். வெண்கலத்தைக் காந்தப் பிக்அப் கண்டுகொள்வதில்லை, உள்ளே இருக்கும் உருக்கு நரம்பை மட்டுமே கேட்கும். சுற்றிய கம்பிகள் சோர்ந்துபோக, வெறும் கம்பிகள் மட்டும் உரத்து ஒலிக்கும். எதிர்த்திசையில், மின்கிட்டாரின் ஃபிளாட்வவுண்ட் செட்டை அக்கூஸ்டிக்கில் மாட்டினால் கிட்டாருக்குச் சேதமில்லை, ஒலி அமுங்கும். அமுங்கிய அந்த ஒலியை விரும்பியே போடுகிறவர்களும் உண்டு.

இரண்டு செட்டையும் ஒப்பிட விரும்பும் குழுக்கள், பயிற்சி நேரத்தில் ஒரே பாட்டை இரண்டு கம்பிகளிலும் வாசித்து, பாடகர் நிற்கும் இடத்தில் ஃபோனை வைத்துப் பதிவுசெய்யட்டும். கிட்டாரைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டாம். ட்ரம்ஸ், கீபோர்ட், குரல் எல்லாம் சேர்ந்து வரட்டும். கேட்டுத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பாடுகிறவரிடம் கொடுங்கள்.